பன்னிருவர் எழுதாத தேர்வும் ஆஸ்தா தொடாத கேக்கும்

“ப்ரேபன், டெஸ்டை நீயே உக்காந்து எழுதணும். இங்கயே, எல்லாரும் பாக்க.”

கேட்காதே, கேட்காதே என்று கோட்டையின் சுவர்களெல்லாம் சொல்லிவைத்திருந்த அந்தக் கோரிக்கை, மாதாந்திரக் கூட்டத்தில், கேண்டீனின் நட்டநடுவே, ஒலிவாங்கி ஏந்தி நின்ற ஒருத்தியின் வாயிலிருந்து இடியென விழுந்தபோது, முந்நூறு காபிக் கோப்பைகள் முந்நூறு உதடுகளுக்குச் சற்று முன்னே அந்தரத்தில் நின்றன. வெண்ணெய் தடவிய கத்திகள் ரொட்டியின் பாதிவழியில் உறைந்தன. ஜன்னலுக்கு வெளியே எச்சில் பொறுக்க வந்திருந்த கடற்காகமும் இறக்கையை மடக்கிக் காது கொடுத்தது.

வாழி ஆஸ்தா! மேலைக் கடலோரத்து எஸ்பியர் நகரில், மீன் ஆலையில் கத்தி பிடித்த கையினனுக்கும் அதே ஆலையின் தரையைக் கழுவிய கையினளுக்கும் மகளாய்த் தோன்றி, குலத்திலேயே முதல் ஆளாய்ப் பல்கலைக்கழக வாயில் புகுந்து, சட்டம் கற்று, கற்றதை அப்படியே நம்பித் தொலைத்தவளே வாழி! சைக்கிள்வாகினி வாழி! மழைச்சட்டைக் கவசத்தாள் வாழி! ‘நல்ல பொண்ணுதான், கொஞ்சம் சிரிச்சா என்ன’ என்று விற்பனைப் பிரிவினரால் நாள்தோறும் அர்ச்சிக்கப்பட்டும் சிரியாத திருமுகத்தாள் வாழி!

களத்தில் ஆயிரம் யானைகளை வீழ்த்தியோரையே பாடுவது புலவர் வழக்கம். இவள் எதிர்கொண்டது யானையன்று. ஒரு துண்டு கேக். அதையும் வீழ்த்தவில்லை, தொடாமல் விட்டாள். ஆனாலும் பாடத்தான் போகிறோம். யானையைக் கொல்ல வேல் போதும். ஆர்ஹஸ் நகரத்து அலுவலகம் ஒன்றில், எல்லாரும் பார்க்க நீட்டப்பட்ட கேக்கை வேண்டாமென்று சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பது அங்கே வேலை பார்த்தவருக்குத்தான் தெரியும்.

காகிதங்களின் அதிதேவதையே, கையொப்பங்களின் காவல் தெய்வமே, வந்து என் நாவில் அமர்வாயாக. இக்கதை முடியும்வரை காபி இயந்திரம் பழுதாகாமலும் பார்த்துக்கொள்வாயாக.

துறைமுக விளிம்பில், அலையும் மழையும் மாறிமாறி முகம் பார்க்கும் கண்ணாடிக் கோட்டை ஒன்று உண்டு. உலகத்துக் கப்பல்களுக்கெல்லாம் குளிர்சாதனம் சமைத்தனுப்பும் பெருநிறுவனம் அது. அதன் தலைமை நிர்வாகியே ப்ரேபன் ஹோல்க்: வெண்காலணி வேந்தன், கழுத்துப்பட்டை துறந்த துறவி, ‘என் கதவு எப்பவும் திறந்திருக்கு’ என்பதை மெய்ப்பிக்கக் கதவையே கழற்றி எறிந்த கொடையாளன், கடைநிலைத் தொழிலாளியும் தன்னைப் பேர் சொல்லி ‘நீ’ என்றே அழைக்க வேண்டுமென ஆணையிட்டு, அந்த ஆணை ஒன்றாலேயே எவரும் தன்னிடம் எதையும் கேட்க முடியாதபடி செய்துகொண்ட பெருந்தந்திரி. கதவு இருந்தால் தட்டலாம். இல்லாத கதவை எங்கே போய்த் தட்டுவது?

இப்படிச் சுகமாய் இருந்த கோட்டையின்மேல் ஒருநாள் இடி விழுந்தது. தெற்கே ஒரு துறைமுகத்தில் நிறுவனத்தின் முகவன் ஒருவன் சுங்க அதிகாரியின் மணிக்கட்டில் பொன்னாலான கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிவிட, அந்த மணிக்கட்டு செய்தித்தாளில் படமாக வர, ப்ரேபனுக்கும் மேலே அமர்ந்து நிறுவனத்தைக் கண்காணிக்கும் மேற்பார்வைக் குழு பன்னெடுங்காலத் துயில் நீங்கிக் கண் விழித்தது. ‘எழும்பட்டும் ஒரு நெறிமுறைத் திட்டம்! காவலன் முதல் தலைவன்வரை தேர்வெழுதிச் சட்டத்துக்கு இணங்கட்டும்!’ என்று பறையறைந்தது. அதற்கென்று பணியமர்த்தப்பட்டவளே நம் ஆஸ்தா. முதலில் தகுதிகாண் காலம். திட்டம் எழுந்து நின்றால் வேலை நிரந்தரம்.

முதல் நாளே அவளை அழைத்து அமர்த்தினார் சட்டத்துறைத் தலைவர் ஹென்னிங். பெருமூச்சுகளின் பேரரசர் அவர். மூன்று தலைமை நிர்வாகிகளைக் கண்டவர். மூவரிடமும் எதையும் கேட்காததாலேயே நிலைத்தவர்.

“யார்கிட்ட வேணா என்ன வேணா கேளு,” என்றார். “ப்ரேபனை மட்டும் டெஸ்ட் எழுதச் சொல்லிடாத. அது கேட்டு நடக்கற விஷயம் இல்ல. அதுவா நடக்கணும்.”

அதுவாக நடக்கும் என்றே ஆஸ்தாவும் நம்பிக் களம் புகுந்தாள்.

முதற்போர், பரிசுப் பொருட்போர். கிறிஸ்துமஸ் மாதத்தில் பொருள் விற்போர் அனுப்பும் பாதாம்மாவு இனிப்புப் பன்றிகள், ரோஜா நிறத்தில், சாக்லேட் அங்கி பூண்டு, விற்பனைப் பிரிவின் ஜன்னலோரத்தில் மந்தை மந்தையாய் மேய்ந்துகொண்டிருந்தன. ஒரு காலைப்பொழுதில் தள்ளுவண்டியோடு அங்கே புகுந்தாள் நாயகி. ஆநிரை கவர்ந்தோர்க்கு வெட்சிப் பூச் சூட்டுவது தமிழர் மரபு. பன்றிநிரை கவர்ந்தவளுக்கு என்ன பூ என்று எந்த இலக்கணமும் சொல்லாமல் விட்டது பெரும்பிழை. விற்பனை மறவர் பின்தொடர்ந்து வந்து கெஞ்சினர், மிரட்டினர், ஒருவன் பன்றியின் காலொன்றைக் கடித்தே விட்டான். அத்தனையையும் திருப்பி அனுப்பினாள். கால் போனதையும் மன்னிப்புக் கேட்டுத் திருப்பி அனுப்பினாள்.

அடுத்தது புகார்ப் போர். தவறு கண்டோர் பெயர் சொல்லாமல் எழுதிப்போட, தொழிலாளர் உடைமாற்றும் அறைக்கு வெளியே பெட்டியொன்றைத் தொங்கவிட்டாள். லஞ்சமும் சூழ்ச்சியும் கொட்டப்போகின்றன என்று நம்பித் திறந்தவளுக்கு முதன்முதலில் கிடைத்த புகார்: ‘குளிர்ப்பெட்டியில் வைத்த என் ஹெரிங் மீனைத் தின்றது எவன்?’ வேறொருத்தியாயின் கசக்கி எறிந்திருப்பாள். ஆஸ்தா எறியவில்லை. வந்த புகாரை விசாரிப்போம் என்று சொன்னால் விசாரிக்க வேண்டும். சாட்சிகளைக் கேட்டாள், மோப்பம்கூடப் பிடித்தாள், கடைசியில் ஹெரிங் கள்வனைக் கையும் களவுமாகக் கண்டுபிடித்தாள். அவன் மறுநாள் கேக் கொண்டுவந்தான்.

இங்கே அந்த மாபெரும் மரபைச் சொல்லியாக வேண்டும். அக்கோட்டையில் பிழை செய்தவன் கேக் கொண்டுவருவான். கணினியைப் பூட்டாமல் எழுந்து போனால் கேக். காபிக் குடுவையை உடைத்தால் கேக். சிங்கப்பூருக்குப் போக வேண்டிய குளிரூட்டியைச் சிலிக்கு அனுப்பினால் இரண்டடுக்குக் கேக். கேக் தின்று முடிந்ததும் பிழை கரைந்தது. அதன்பின் அதைப் பற்றி வாய் திறப்பவர் பண்பில்லாதவர். அவரோடு யாரும் மதிய உணவுக்கு உட்கார மாட்டார்கள். நீதிமன்றம் இல்லை, சிறை இல்லை, க்ரீம் மட்டும் உண்டு. அழகான மரபுதான், ஹெரிங்குக்குப் போதும்.

மூன்றாவது, தேர்வுப் போர். ஒவ்வொருவரும் கணினிமுன் அமர்ந்து நெறிமுறைகளைப் படித்து, கேள்விகளுக்கு விடையளித்துத் தேற வேண்டும். தேறாதவர் தேறும்வரை திரும்ப எழுத வேண்டும். வரைபடக்காரர், சமையற்காரர், துறைமுகப் பாரந்தூக்கி ஓட்டுவோர் என ஒருவரையும் விடவில்லை அவள். பற்றவைப்புக்காரன் ஓலுஃப் மட்டும் மூன்று முறை தோற்றான். இரும்பை இரும்போடு சேர்ப்பதில் வல்லவனுக்கு ஒரே மாதிரித் தோன்றும் நான்கு விடைகளில் ஒன்றைப் பிரிப்பது வரவில்லை. விதி விதிதான் என்றாள் ஆஸ்தா. வெளியூர்க் கப்பல்தள வேலைக்கு அவன் அனுப்பப்படவில்லை. அவன் பெயரில் எச்சரிக்கைக் கடிதமும் போயிற்று. அதில் ஆஸ்தாவே கையெழுத்திட்டாள். நான்காம் முறை தேறினான். அன்று சைக்கிள் நிறுத்துமிடத்தில் அவளைப் பார்த்துக் கேட்டான்:

“டைரக்டருங்க எத்தன தடவ ஃபெயில் ஆனாங்க?”

“ஒரு தடவகூட இல்ல. ப்ரேபனோட சேத்துப் பன்னெண்டு பேரும் முதல் தடவையே பாஸ்.”

“அதான் டைரக்டரா இருக்காங்க,” என்றான் ஓலுஃப், மெய்யாகவே வியந்து.

அவளும் வியந்தாள். அந்த வியப்பு வெள்ளிக்கிழமை வரைதான் நீடித்தது.

வெள்ளிக்கிழமைக் காலைகளில் அக்கோட்டையில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் பகிர்ந்துண்பர். அந்தப் பந்தியில், தலைவர்களின் செயலாளர் யூட்டே, ஆயிரங்கடவுச்சொல்லுடையாள், பிறந்தநாள் மறவாப் பேரன்பினாள், பன்னிரு தலைவரின் மறதிகளையும் மடியில் சுமந்த மகராசி, ஆஸ்தாவின் பக்கத்தில் வந்தமர்ந்து ரொட்டியை வாங்கி வெண்ணெய் தடவியபடியே சொன்னாள்:

“செல்லம், உன் டெஸ்ட் ரொம்ப நல்லா இருக்கு. முதல் ரெண்டு தடவதான் கஷ்டப்பட்டேன்.”

யூட்டே ஏன் இரண்டு தடவை எழுத வேண்டும் என்று ஆஸ்தா கேட்டாள்.

“ரெண்டா? எனக்கு ஒண்ணு, டைரக்டருங்களுக்குப் பன்னெண்டு. பாவம், அவங்களுக்கு எங்க நேரம். கடைசியில கண்ண மூடிக்கிட்டே நூத்துக்கு நூறு. மத்தவங்க பேர்ல டெஸ்ட் எழுதலாமான்னு ஒரு கேள்வி வெச்சிருந்தியே? கூடாதுன்னு பன்னெண்டு தடவையும் கரெக்டா போட்டேன். இந்தக் கம்பெனியிலயே என்னவிட ஒழுக்கமான ஆள் கிடையாது, தெரியுமா?”

கேளுங்கள் மாந்தரே! பனிக்கடலில் மலை பிளந்த ஓசை கேட்டதுண்டா? வாரக்கணக்கில் வடித்த திட்டம், கவர்ந்த பன்றிகள், மோப்பம் பிடித்த ஹெரிங், ஓலுஃபின் எச்சரிக்கைக் கடிதம், எல்லாம் ஒரு வெண்ணெய்க் கத்தியின் முனையில் சரிந்து விழுந்த ஓசை அப்படி இருந்தது, ஆஸ்தாவின் உள்ளே. வெளியே ஒரு ஓசையும் இல்லை. யூட்டேயின்மேல் கோபம் வரவில்லை. அவள் தன் மனத்தில் உதவிதான் செய்திருந்தாள். வந்த கோபம் மேல்மாடி நோக்கி ஏறிற்று.

அன்றே ஹென்னிங்கிடம் போனாள். மேற்பார்வைக் குழுவுக்கு அனுப்ப வேண்டிய உறுதிமொழி ஏற்கெனவே அவர் மேசைமேல் அச்சாகிக் காத்திருந்தது: ‘தலைவர்கள் பன்னிருவரும் தாமே பயின்று தாமே தேறினர்.’ கீழே ஆஸ்தாவின் பெயர், பெயருக்கு மேலே வெறுமை. அவள் சொன்னதைக் கேட்டு அவர் தம் ஆட்சிக்காலத்திலேயே நெடிதான பெருமூச்சை விட்டார். தலைவர்கள் எப்படியும் நல்லவர்கள்தானே, எழுதியிருந்தாலும் தேறியிருப்பார்கள்தானே, எழுதினதாகவே வைத்துக்கொள்ளலாமே என்றார். கையொப்பம் இட்டால் வேலை நிரந்தரம். இடாவிட்டால் தகுதிகாண் காலம் எதற்காக இருக்கிறது என்பது அவளுக்கே தெரியும் என்றும், வருத்தத்தோடுதான், சொன்னார்.

எஸ்பியரில் அவள் அப்பா, மகள் நெறிமுறைத் துறைக்கே தலைவி என்று மீன்சந்தை முழுக்கச் சொல்லி முடித்திருந்தார். ஐஸ் பெட்டி தூக்குகிறவனிலிருந்து ஏலம் விடுகிறவன்வரை அது தெரியும். சுமை என்றால் இதுதான் சுமை. படித்த வீட்டுப் பிள்ளைகளுக்கு வேலை போனால் வேலைதான் போகும்.

ஆக, கதை துவங்கிய இடத்துக்கு வந்து சேர்ந்தோம். மாதாந்திரக் கூட்டம், வெண்காலணி வேந்தன் மேடையில்லாத மேடையில் நின்று ‘வேறு ஏதாவது கேள்வி?’ என்று வழக்கம்போல் எவரும் கேட்கமாட்டாத தொனியில் கேட்க, ஒலிவாங்கி கைமாறி வர, கோரிக்கை முழங்கியது. பன்னிருவரில் ஒருவரும் எழுதவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னாள். யார் எழுதினார் என்பதை மட்டும் சொல்லவில்லை. யூட்டே தானாகவே கையுயர்த்தி அனைவருக்கும் புன்னகைத்தாள்.

அப்போது ப்ரேபன் செய்ததை என்னவென்று பாடுவேன்! அவர் சினக்கவில்லை. மறுக்கவில்லை. நொச்சி சூடி மதில் காக்கவுமில்லை. மதிலே இல்லாதவர் அவர். இரண்டு கைகளையும் தலைக்குமேல் உயர்த்தி, சிறுவன்போல் நாக்கைக் கடித்துச் சிரித்தார்.

“மாட்டிக்கிட்டேன்,” என்றார். “சரி. நாளைக்கு என் செலவுல எல்லாருக்கும் கேக்.”

கேண்டீன் வெடித்தது. முந்நூறு கோப்பைகளும் ஒருங்கே இறங்கின, அறுநூறு கைகளும் ஒருங்கே ஒலித்தன, மேசைகள் முழவாயின, தட்டுகள் தாளமாயின. ‘நம்ம ஆளுய்யா’ என்றது ஒரு குரல். அந்த முழக்கத்தினூடே ஆஸ்தாவின் கையிலிருந்த ஒலிவாங்கியை யாரோ மெதுவாக, அன்போடு, வாங்கிக்கொண்டார்கள். அவள் முடிவெடுத்தது அந்தக் கணத்தில்தான். கை தட்டியவர்களில் ஓலுஃபும் இருந்தான்.

மறுநாள் வந்தது கேக்; வந்ததா, எழுந்தருளியது. நால்வர் சுமக்க, வாசற்கதவின் இரண்டு பக்கமும் திறக்க, நடையெல்லாம் வெண்ணிலா மணக்க, பட்டத்து யானை பவனி வருவதுபோல் வந்தது. க்ரீம் முகபடாம் அணிந்து, பாதாம்மாவுப் போர்வை போர்த்து, ஸ்ட்ராபெரி மாலை சூடி, ஒவ்வொரு அடிக்கும் அடுக்கடுக்காய்க் குலுங்கி, உச்சியில் நாட்டுக் கொடிகள் சின்னச் சின்னக் குச்சிகளில் படபடக்க வந்தது. கப்பல் முகப்பில் நிற்கும் தளபதிபோல் கத்தியேந்தி ப்ரேபன் அதன் பின்னே. வெட்டினார். விழுந்தது முதல் துண்டு, ஓரடுக்கும் சரியாமல் நிமிர்ந்து. ஆரவாரம்.

வரிசையில் நின்றது கோட்டை முழுவதும். விற்பனை மறவர் தின்றனர், வரைபடக்காரர் தின்றனர், ஹெரிங் கள்வன் இருமுறை தின்றான். ஒவ்வொரு வாயிலும் பிழை ஒரு துண்டு குறைந்துகொண்டே வந்தது. இறுதியாக, தலைவனே தன் கையால் ஒரு தட்டில் ஸ்ட்ராபெரி மிகுந்த மூலைத்துண்டை வைத்து, முள்கரண்டியைப் பக்கத்தில் சாத்தி, ஆஸ்தாவின் முன் நீட்டினார். அதே கணத்தில் மறுபக்கமிருந்து ஹென்னிங் உறுதிமொழித் தாளையும் பேனாவையும் நீட்டினார். ஒரு புறம் கேக், ஒரு புறம் காகிதம். கேண்டீன் திரும்பிப் பார்த்தது. மெல்லுவது நின்றது.

ஆஸ்தா தட்டை வாங்கினாள். மேசைமேல் வைத்தாள். கரண்டியைத் தொடவில்லை.

“ஓலுஃப் மூணு தடவ ஃபெயில் ஆனப்ப யாரும் அவன்கிட்ட கேக் கேக்கல,” என்றாள். “லெட்டர்தான் குடுத்தோம். நான்தான் குடுத்தேன்.”

ஓலுஃப் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ப்ரேபனின் முகத்தில் முதன்முறையாக, க்ரீமில் விரிசல் விழுவதுபோல், ஏதோ ஒன்று ஓடி மறைந்தது. பிறகு தோளைத் தளர்த்தி, குரலைத் தாழ்த்தி, அன்பாகவே சொன்னார்: “ஆஸ்தா, இங்க நாங்க ஒருத்தர ஒருத்தர் நம்பறோம். இந்தக் கம்பெனியே அதுதான். சாப்பிடு, க்ரீம் உருகுது.”

அப்போது அவள் பேனாவை எடுத்தாள். எடுத்ததைக் கண்டு ஹென்னிங்கின் நெஞ்சில் வசந்தம் வந்தது. எழுதுகோலா அது? உறை நீங்கிய வாள். ‘தலைவர்கள் பன்னிருவரும் தாமே பயின்று தாமே தேறினர்’ என்ற அந்த நெடும்படையின் குறுக்கே ஒரே வீச்சு. பன்னிருவரும் ஒரே கோட்டில் சாய்ந்தனர். மேலே எழுதினாள்: ‘ஒருவரும் எழுதவில்லை.’ கீழே தன் பெயருக்கு மேலிருந்த வெறுமையில், எஸ்பியர் மீன் ஆலைக்காரன் மகள், முழுப் பெயரையும், ஒரு எழுத்தும் சுருங்காமல், ஒப்பமிட்டாள். ஹென்னிங்கின் கை எட்டுமுன் தாளை மடித்து மழைச்சட்டையின் உள்பையில் வைத்தாள். பாலத்துக்கு அப்பால்தான் மேற்பார்வைக் குழுத் தலைவியின் அலுவலகம். தபாலை நம்புவதாக இல்லை.

எங்கே போகிறாள் என்று ஹென்னிங் கேட்டார். ‘வெளிய மழை, செல்லம்’ என்றாள் யூட்டே. அவள் திரும்பியபோது ஓலுஃப்தான் அவள் முன்னால் நின்றான், காலித் தட்டோடு.

“நீ சாப்பிடலன்னா,” என்றான், “அத நான் எடுத்துக்கவா?”

“எடுத்துக்க. உன்னோடதுதான்.”

அந்தோ, நடந்தாள் ஆஸ்தா! இருமருங்கும் கரண்டிகள் விலகி வழிவிட, கொடிகள் குச்சிகளில் துவள, தானியங்கிக் கதவுகள் தாமாகவே திறந்து தலைதாழ்த்த, வேலையும் நிரந்தரமும் மீன்சந்தைப் புகழும் உதிர்ந்த இறகுகளாய்ப் பின்னே பறக்க, கண்ணாடிக் கோட்டையின் படிகளில் கடல் கிழித்து வரும் நாவாயின் முகப்புப்போல் இறங்கி, வடகாற்று எதிர்கொண்டு முத்தமிட, மழை ஆயிரம் வேலென விழ, அவ்வேல்களைக் கவசத்தில் தாங்கி, நெஞ்சருகே மடித்த ஒற்றைத் தாள் நெருப்பெனச் சுட, தன் இரும்புப் புரவியை நோக்கி நடந்தாள்.

சைக்கிளில் காற்று இல்லை, தள்ளிக்கொண்டு போனாள்.